‘மறுத்தார்’ என்று போட்டது யார்?

மார்ச் 9

அண்ணி,

முதல்ல போன் அடிச்சா கட் பண்ணினீங்க. இப்போ மணியே அடிக்க மாட்டேங்குது. என் நம்பரைத் தடுத்து வெச்சுட்டீங்கன்னு புரியவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நான் மக்குங்கிறது உங்களுக்குத் தெரியாததா? அதான் கடுதாசி. கிழிக்கணும்னா கிழிச்சுக்கோங்க, ஆனா படிச்சுட்டுக் கிழிங்க.

அண்ணன் போய் நாப்பத்தி மூணு நாள் ஆச்சு. எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடறப்போ கிறீச்சுனு ஒரு சத்தம் வருமே, என்னைப் பார்க்க வர்றப்போ எல்லாம், “ஒரு சொட்டு எண்ணெய் விட இங்க ஆள் இல்லையா, என்னைக் கூப்பிட்டா சும்மாவே பண்ணித் தருவேனே”ன்னு புலம்புவான். லிஃப்ட் மெக்கானிக் புத்தி. அந்தச் சத்தம் இன்னும் அப்படியேதான் இருக்கு. நான் இப்போ படியிலதான் ஏறி இறங்கறேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நிமோனியான்னு ஊர் பூரா சொன்னோம், அது பொய் இல்ல. ஆனா அந்த நிமோனியாவுக்கு மருந்து ஏன் கேட்கலைன்னு உங்களுக்கும் எனக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். எச்.ஐ.வி. பல வருஷமா உள்ளேயே இருந்திருக்கு, அவனுக்கே தெரியாம. மூச்சு முட்டி எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு எடுத்த ரத்தத்துலதான் தெரிஞ்சுது. அப்புறம் பதினோரு நாள். அவ்வளவுதான் கிடைச்சுது நமக்கு.

அப்பவே உங்களுக்கும் எடுத்துப் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாரு. “அவர் முதல்ல எழுந்திரிக்கட்டும்”னீங்க. அவன் எழுந்திரிக்கல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே குட்டியைக் கூட்டிகிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டீங்க. உங்க கோபம் எனக்குப் புரியுது. என்மேல எவ்வளவு வேணும்னாலும் கோபப்படுங்க, ஆனா கையை நீட்டுங்க அண்ணி. ஒரு சின்னக் குழாய் ரத்தம்தான். அது இருந்தாலும் இப்போ மாத்திரை இருக்கு, தினம் ஒண்ணு. நேரத்துல தெரிஞ்சுட்டா நிறைய வருஷம் நல்லா இருக்கலாம். தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து.

எங்க எமர்ஜென்சியில ரத்தம் எடுக்கிற பெரியவங்க எல்லாருக்கும் இந்த டெஸ்ட்டும் சேர்த்துதான் பண்றோம். “உங்களைச் சந்தேகப்பட்டு இல்லைங்க, எல்லாருக்கும் பண்றோம், வேண்டாம்னா சொல்லிடுங்க.” ஒரு நாளைக்கு நாப்பது தடவை நான் சொல்ற வசனம் இது. போன வாரம் ஒரு தாத்தா, “எனக்கு எண்பத்தொண்ணு ஆச்சும்மா, என்மேல இவ்வளவு நம்பிக்கையா”ன்னு சிரிச்சுகிட்டே கையை நீட்டினாரு. அவரே நீட்டறாரு. உங்களுக்கு என்ன?

குட்டிக்கும் எடுத்துடுங்க. அவ வயித்துல இருந்தப்போ உங்களுக்கு எடுத்ததுல ஒண்ணும் இல்ல, அதனால அவளுக்கு இருக்காதுன்னுதான் டாக்டரும் சொல்றாரு. இருந்தாலும் ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி.

உங்க
வாலு

*

மார்ச் 17

உன் கடுதாசி வந்துச்சு. கிழிக்கல.

வாலுன்னு கையெழுத்துப் போடாதே. உங்க அம்மா போனப்புறம் உனக்குத் தலை பின்னி, நர்சிங் ஹாஸ்டலுக்கு அனுப்பி வெச்சவ ஆசையாக் கூப்பிட்ட பேர் அது. இப்போ எனக்கு அந்த ஆசை இல்ல.

பக்கம் பக்கமா எழுதியிருக்கே. ஒரு விஷயத்தை மட்டும் எழுதல. நான் ஏன் கிளம்பி வந்தேன்னு உனக்குத் தெரியாதா? துக்கத்துல வந்துட்டேன்னு நினைச்சியா?

அவர் கம்பெனியில ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் வேணும்னாங்க. உங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல மூணு மணி நேரம் நின்னு வாங்கினேன். அதுல மூணு வருஷத்துக்கு முந்தின பேப்பரும் இருந்துச்சு. இடது பக்கம் நெஞ்சு வலிக்குதுன்னு மாரடைப்போன்னு பயந்து ஓடி வந்தோமே, அன்னைக்கு உள்ளது. சட்டையைக் கழட்டினா விலாவுல கொப்புளம் கொப்புளமா இருந்துச்சு, அக்கின்னு சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினீங்க. “அக்கிக்கா இந்த ஆட்டம் ஆடினேன்”னு வழி பூரா சிரிச்சுகிட்டு வந்தாரு.

அந்தப் பேப்பர்ல ஒரு வரி இருக்கு. “எச்.ஐ.வி. பரிசோதனை: நோயாளி மறுத்தார்.”

அன்னைக்கு ரத்தம் எடுத்தது நீ. நான் அவர் சட்டையைக் கையில வெச்சுகிட்டு கட்டிலுக்குப் பக்கத்துலயேதான் நின்னேன். நீ எதுவும் கேட்கல. அவர் எதுவும் மறுக்கல. அப்போ ‘மறுத்தார்’னு போட்டது யார்?

நாப்பது பேர்கிட்ட சொல்ற வசனத்தை அவர்கிட்ட ஏன் சொல்லல? இதுக்குப் பதில் சொல்லு. அப்புறம் என் கையைப் பத்திப் பேசு.

அண்ணி

*

மார்ச் 21

அண்ணி,

உங்க கடுதாசியைப் படிச்சதுலேர்ந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. நீங்க தண்ணி பாட்டில் வாங்க வெளியே போனீங்க இல்ல, அப்போ கேட்டேன். எங்களுக்கு அது சட்டம் மாதிரி, கேட்காம இருக்க முடியாது. அண்ணன் சிரிச்சுகிட்டே, “போடி, எனக்கு எதுக்கு அதெல்லாம், உங்க அண்ணிக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சிடுவா”ன்னான். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனா வேண்டாம்னு ஒருத்தர் சொல்லிட்டா நாங்க வற்புறுத்தக் கூடாது. அதனால அப்படிப் போட்டேன். உங்க மனசு கஷ்டப்படும்னுதான் இவ்வளவு நாளா சொல்லல.

நடந்ததை மாத்த முடியாது. நடக்கப் போறதையாவது பார்ப்போம். உங்க ஊர் ஆஸ்பத்திரியிலயும் இந்த மாதிரி எல்லாருக்கும் எடுக்கிறாங்க, விசாரிச்சுட்டேன். தலை வலிக்குதுன்னு போய் உட்கார்ந்தாக்கூடப் போதும், எதுக்கு வந்தீங்கன்னு யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டாங்க.

குட்டிக்குப் பல் விழுந்துச்சா? ஆடிகிட்டே இருந்துச்சே, மேல் வரிசையில.

உங்க
நாத்தனார்

*

ஏப்ரல் 2

வாய் கூசாம எழுதியிருக்கே. நல்லா இருக்கு.

நான் தண்ணி வாங்கப் போகல. அன்னைக்கு முழுக்க அந்தத் திரைச்சீலைக்குள்ளேயே நின்னேன். கால் மரத்துப் போய் உன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், நீதான் தள்ளிக் கொடுத்தே. செத்த மனுஷன் மேல பழியைப் போட்டுட்டு குட்டி பல்லை விசாரிக்கிறே. அவர் மறுக்கல. எனக்கு அது தெரியும். நீ எத்தனை விதமா மாத்தி எழுதினாலும் தெரியும்.

அவர் மேலயும் எனக்குக் கோபம் இல்லாம இல்ல. எங்கிருந்து வந்துச்சு, எப்போ வந்துச்சு? கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா? சட்டையைப் பிடிச்சு உலுக்கிக் கேட்கணும் போல இருக்கு. கேட்க ஆள் இல்ல. ஆள் இல்லாத கோபத்தை எங்க கொண்டு போய்க் கொட்டறது, சொல்லு.

இங்க பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற இடத்துல வேலைக்குச் சேர்ந்திருக்கேன். சட்டைக்குப் பட்டன் வைக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஊசி விரல்ல ஏறிடுச்சு. பெரிசா ஒண்ணும் இல்ல, ஒரு சொட்டு, வெள்ளைக் காலர்ல. எல்லாருக்கும் தினமும் நடக்கிறதுதான், துடைச்சுட்டு அடுத்த சட்டையை எடுப்பாங்க. என்னால முடியல. எந்தப் பிள்ளை போடப்போற சட்டையோன்னு அதைச் சுருட்டி என் பைக்குள்ள திணிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். மறுநாள் என் கணக்குல ஒண்ணு குறையுதுன்னு மேஸ்திரி சத்தம் போட்டாரு. நாப்பது வயசுல திருடின்னு பேர் வாங்கினேன்.

வீட்டுல என் டம்ளர் தனி, தட்டு தனி. அக்கா எதுவும் கேட்கல, ஆனா பார்க்கிறா. குட்டிக்கு முத்தம் கொடுக்கிறதை நிறுத்திட்டேன். “அம்மாவுக்கு என்மேல கோவமா”ன்னு கேட்கிறா. சளின்னு சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு மாசமா ஒரு சளி.

போய் எடுத்தா என்னன்னு நீ கேட்கலாம். ரெண்டு தடவை போனேன், அதே மாதிரி எமர்ஜென்சிக்குத்தான். கட்டில், திரைச்சீலை, குழாய்த் தட்டு எல்லாம் அப்படியே உங்க இடம் மாதிரி. ஒரு சின்னப் பொண்ணு ஊசியோட வந்து சிரிச்சா. நீ சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு. இவ மட்டும் என்ன செய்வான்னு என்ன நிச்சயம்? எடுத்தேன்னு சொல்லிட்டு எடுக்காம விடுவாளா, கம்ப்யூட்டர்ல வேற எதையாவது அமுக்குவாளா? எழுந்து வந்துட்டேன்.

அதனால இப்போ நான் சொல்றதைக் கேளு. நீ நடந்ததை நடந்தபடி எழுது. பூசி மெழுகாம எழுது. அது என் கைக்கு வர்ற அன்னைக்கே நான் போய்க் கையை நீட்டறேன், குட்டியையும் கூட்டிட்டுப் போறேன். எழுதலைன்னா நான் போக மாட்டேன். இது மிரட்டல்னு நினைச்சா அப்படியே வெச்சுக்கோ.

அண்ணி

*

ஏப்ரல் 6

அண்ணி,

எழுதிட்டா உங்களையும் குட்டியையும் நான் மறுபடி பார்க்கவே முடியாமப் போகலாம்னு தெரியும். எழுதாம விட்டா உங்களையும் அண்ணன் மாதிரியே தூக்கிட்டு வருவாங்க. அதனால எழுதறேன்.

நான் அவன்கிட்ட கேட்கல. நீங்க சொன்னதுதான் உண்மை.

அன்னைக்கு மூணு குழாய் நிரப்பினேன். ஊசி அவன் கையிலயேதான் இருந்துச்சு. இந்த டெஸ்ட்டுக்கான நாலாவது குழாயையும் தட்டுலேர்ந்து எடுத்துட்டேன். மாட்டறதுக்கு அஞ்சு செகண்டு கூட ஆகாது, மறுபடி குத்தக்கூட வேண்டாம். அப்போதான் அவன் உங்களைப் பார்த்து, “பார்த்தியா, என் தங்கச்சி குத்தினா கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல”ன்னான். நீங்க, “ஆமா, பெரிய வீரர், வர்ற வழியில அழுதது யாரு”ன்னீங்க. ரெண்டு பேரும் சிரிச்சீங்க. நான் அந்தக் குழாயைத் திருப்பித் தட்டுலயே வெச்சுட்டேன்.

கம்ப்யூட்டர்ல ‘எடுத்தாச்சு’, ‘மறுத்தார்’ ரெண்டுல ஒண்ணை அமுக்கினாதான் குழாய்க்கு ஒட்டற சீட்டு பிரிண்ட் ஆகும். நான் ‘மறுத்தார்’ அமுக்கினேன். எழுந்து போய் அமுக்கல, பக்கத்துலயே நின்னு, நீங்க ரெண்டு பேரும் பேசிகிட்டு இருக்கறப்பவே அமுக்கினேன்.

ஏன்னு கேட்பீங்க. வெட்கமா இருந்துச்சுன்னு எழுதிட்டு முடிச்சிடலாம்னு பார்த்தேன். சொந்த அண்ணன்கிட்ட, அண்ணி முன்னாடி எப்படிக் கேட்கிறதுன்னு. கேட்கறவங்களும் பாவம்னு விட்டுடுவாங்க. இந்தக் கடுதாசியை மூணு தடவை அப்படித்தான் எழுதினேன், மூணையும் கிழிச்சுட்டேன். அது பாதி உண்மைகூட இல்ல.

வெட்கம் இல்ல அண்ணி. பயம். அவன் சட்டையைக் கழட்டினதும் அக்கியைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயசுல, திடமா இருக்கிற ஆளுக்கு அக்கி வந்தா இந்த டெஸ்ட்டைக் கண்டிப்பா பார்க்கணும்னு எங்களுக்கு வகுப்பு எடுத்துச் சொல்லியிருக்காங்க. நானே புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். பார்த்த நொடியே மனசுல பட்டுச்சு, ஒருவேளை இருக்குமோன்னு. இருந்தா திரையில சிவப்பு எழுத்துல வரும். டியூட்டி மாறும்போது எல்லாரும் பார்ப்பாங்க. இவ அண்ணனாம்னு பேசுவாங்க. நான் டீ குடிக்கிற ரூமுக்குள்ள நுழைஞ்சா பேச்சு நிக்கும். இதெல்லாம் அந்த அஞ்சு செகண்டுல தோணுச்சு. அவன் உயிர் மட்டும் தோணல. அப்படி இருக்காது, நம்ம அண்ணனுக்குப் போய் இருக்குமான்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். நம்பாமலேயே சொல்லிகிட்டேன்.

அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்துச்சே, ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே? எத்தனை தடவை உங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கேன். அவன் இளைச்சப்போ வேலை ஜாஸ்தின்னீங்க. இருமினப்போ லிஃப்ட் குழியில தூசின்னான். நானும் ஆமா தூசின்னேன். சந்தேகத்தைச் சொன்னா, அன்னைக்கு ஏன் எடுக்கலைன்னு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் என் அண்ணனைச் சாக விட்டேன். இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

எங்க டிபார்ட்மெண்ட்ல யார்கிட்ட எத்தனை பேர் மறுத்தாங்கன்னு மாசா மாசம் போர்டுல ஒட்டுவாங்க. எப்பவும் என் பேருக்கு நேராதான் குறைச்சலா இருக்கும். “நீ கேட்டா மட்டும் எப்படி யாரும் வேண்டாங்கிறதில்ல”ன்னு கேட்பாங்க. அந்த மாசம் என் பேருக்கு நேரா ஒண்ணுன்னு இருந்துச்சு. மறுத்த அந்த ஒருத்தர் யாருன்னு ஒருத்தரும் கேட்கல.

போன கடுதாசியில அவன் மேல பழி போட்டேன். செத்தவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல மாட்டான்னு தைரியம். என்னை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு.

நேத்து எங்க பெரிய சிஸ்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். விசாரணை வெப்பாங்க. அதுவரைக்கும் என்னை ரத்தம் எடுக்கற வேலையிலேர்ந்து எடுத்துட்டாங்க. வாசல்ல உட்கார்ந்து சக்கர நாற்காலிக்குச் சீட்டு எழுதிகிட்டு இருக்கேன். வேலை போனாலும் போகட்டும்.

ஒண்ணு மட்டும் நம்புங்க, நர்ஸா சொல்றேன். டம்ளர்ல ஒட்டாது. தட்டுல ஒட்டாது. அந்தச் சட்டையைப் போட்டுக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் இல்லைன்னாலும் குட்டிக்கு இன்னைக்கே ஒரு முத்தம் கொடுங்க. அவளுக்கு எதுவும் வராது.

நான் எழுதிட்டேன். நீங்க போங்க அண்ணி. கெஞ்சிக் கேட்டுக்கறேன், போங்க.

*

ஏப்ரல் 23

உன் கடுதாசி வந்த அன்னைக்கே போனேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தணும் இல்ல.

அதே சின்னப் பொண்ணுதான் வந்தா. “எல்லாருக்கும் பண்றோம்மா, உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல”ன்னா. “சந்தேகப்பட்டே எடும்மா”ன்னேன். கடைசிக் குழாய் நிறையற வரைக்கும் அவ கையையே பார்த்துகிட்டு இருந்தேன். பாவம், பயந்துட்டா.

குட்டிக்கு இல்ல. முதல்ல அதைச் சொல்லிடறேன். ரெண்டு தடவை பார்த்துட்டாங்க, இல்ல. வெளியில வந்து படியில உட்கார்ந்து அவளை மடியில போட்டுகிட்டு, ரெண்டு மாசத்து முத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். “சளி போயிடுச்சா”ன்னு கேட்டா.

எனக்கு இருக்கு.

அழாதே. நான் அழுது முடிச்சுட்டேன். மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஒழுங்காப் போட்டா நிறைய வருஷம் இருப்பேன்னு டாக்டரம்மா சொல்றாங்க, நீ சொன்னதையேதான் சொல்றாங்க. அக்காகிட்டயும் சொல்லிட்டேன். எழுந்து போய் என் தனி டம்ளரை எடுத்து மத்த டம்ளரோட போட்டுட்டா.

டாக்டரம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். எனக்கு இது எப்போ வந்திருக்கும்? அந்த அக்கி வந்த நாளுக்கு முன்னாடியா, அப்புறமா? அன்னைக்கே அவருக்குத் தெரிஞ்சு மாத்திரை ஆரம்பிச்சிருந்தா எனக்கு வராமலேயே இருந்திருக்குமா? சொல்ல முடியாதாம். எந்த டெஸ்ட்லயும் அது தெரியாதாம். தெரியாம இருக்கிறது உனக்கு நல்லதா கெட்டதான்னு யோசிச்சுப் பார்த்தேன். எனக்குப் பிடிபடல.

உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுத மாட்டேன். அந்த வார்த்தை வர மாட்டேங்குது, வராததை எழுதினா நீ எழுதின மாதிரி ஆயிடும். ஆனா நடந்ததை நடந்தபடி எழுதினே. அதனாலதான் நான் போனேன். அது உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும். இப்போதைக்கு இங்க வராதே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்கா போனுக்குக் கூப்பிடு, குட்டிகிட்ட பேசு. அவ உன்னைக் கேட்டுகிட்டே இருக்கா. என்கிட்ட கொடுக்கச் சொல்லாதே.

இன்னும் ஒண்ணு இருக்கு. சொல்லாம விட்டுடலாம்னு ஒரு வாரம் பேனாவைத் தொடாம இருந்தேன். நீ எல்லாத்தையும் சொன்னப்புறம் நான் மட்டும் மறைக்கக் கூடாது.

அவர் மறுக்கலைன்னு எனக்கு எப்படித் தெரியும்னா, தனக்கு டெஸ்ட் எடுத்தாச்சுன்னுதான் அவர் நினைச்சுகிட்டு இருந்தாரு. அன்னைக்கு நீ போனப்புறம், எதிர்ச் சுவர்ல ஒட்டியிருந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டி எனக்குப் படிச்சுக் காட்டினாரு. இங்கே ரத்தம் எடுக்கும் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யப்படும், ஏதேனும் இருந்தால் உங்களுக்குத் தெரிவிக்கப்படும்னு இருந்துச்சு. “பாரு, இதுவும் ஓசியில ஆயிடுச்சு”ன்னாரு. அப்புறமும் நீ ஒண்ணும் சொல்லல. அதனால ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு பேரும் எடுத்துகிட்டோம்.

போன வருஷம் இருமல் விடலைன்னு வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டர் ரொம்ப நேரம் அவரைப் பார்த்துட்டு, ஒரு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துடலாமேன்னு கேட்டாரு. எழுதக்கூட ஆரம்பிச்சுட்டாரு. இவர்தான் கையைப் பிடிச்சுத் தடுத்தாரு. “அதெல்லாம் பார்த்தாச்சு சார். பெரிய ஆஸ்பத்திரியில என் தங்கச்சியே இருக்கா. அவதான் ரத்தம் எடுத்தா. ஏதாவது இருந்தா என்கிட்ட சொல்லாம விடுவாளா”ன்னாரு.

நானும் பக்கத்துல உட்கார்ந்துகிட்டு, ஆமா சார்னு தலையாட்டினேன்.

அண்ணி